வேகம் மாறும் மர லேத்: புல்லியா, எலக்ட்ரானிக்கா?

மரத்தைச் சுழலவிட்டுக் கடையும் லேத்தைப் புதிதாக வாங்கும்போது 'வேரியபிள் ஸ்பீடு' என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்தால் போதாது. வேகம் எப்படி மாறுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு வகையில், விரிந்து சுருங்கும் புல்லிகளின் (பெல்ட் ஓடும் சக்கரங்களின்) மேல் பெல்ட் ஏறி இறங்கும். ரீவ்ஸ் டிரைவ் என்பார்கள். விலை குறைவு, வேகத்தைக் குறைத்தாலும் இழுவைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பல மாடல்களில் குறைந்தபட்ச வேகமே நிமிடத்துக்கு 500 சுற்றை ஒட்டி இருக்கும். கோணல்மாணலான பெரிய கிண்ணக் கட்டைக்கு அது அதிகம். லேத்தே ஆட ஆரம்பித்துவிடும். வேகம் மாற்றும் லீவரை மோட்டார் ஓடும்போதுதான் நகர்த்த வேண்டும். மரத்தூள் சேர்ந்தால் புல்லி சிக்கும், சத்தமும் போடும்.

எலக்ட்ரானிக் வகையில் குமிழைத் திருகினால் போதும். 100 சுற்றுக்குக் கீழே இறங்கும் மாடல்களும் உண்டு. கட்டையை மெதுவாகச் சுழலவிட்டு, உருண்டையானதும் வேகம் கூட்டலாம். அப்புறம் ஒன்று: மெதுவாக ஓடும்போது மோட்டாரின் சக்தியும் குறையும், உளியை ஆழமாகக் கொடுத்தால் நின்றுவிடும். அதனால் இதிலும் இழுவையைக் கூட்ட பெல்ட்டை மாற்றிப் போடும் இரண்டு மூன்று நிலைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பழுதானால் செலவுதான்.

மேசைக்கால், பம்பரம் மட்டும் என்றால் சரி, புல்லி வகையே போதும். கிண்ணம் கடையும் ஆசை இருந்தால் நான் எலக்ட்ரானிக்கைத்தான் எடுப்பேன்.