டெல்லியில் வெட்சூட் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

சென்னைத் துறைமுகத்தில் பாய்ப்படகு பழகியவள் நான். அங்கே படகு கவிழ்ந்தாலும் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். வேலை மாறி டெல்லி மயூர் விகாருக்கு வந்த பிறகுதான், குளிருக்கு என்ன உடுத்திப் படகேறுவது என்ற கேள்வியே எழுந்தது. நவம்பர் கடைசியில் பதினான்கு வயது மகளோடு நைனிதால் போக ஏற்பாடு. அங்கே தெரிந்தவர் ஒருவரின் டிங்கி, அதாவது சின்னப் பாய்ப்படகு, இருந்தது. அந்த ஏரியோ கடல் மட்டத்திலிருந்து 1,900 மீட்டருக்கு மேலே.

கரோல் பாக் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வெட்சூட், அதாவது குளிர்நீரில் உடம்புச் சூட்டைக் காக்கும் இறுக்கமான ரப்பர் நுரை உடை, கேட்டேன். "மூணு எம்.எம். நியோபிரீன் மேடம், ஐஸ் தண்ணியிலும் தாங்கும்" என்றார் கடைக்காரர். "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசா எடுங்க" என்றும் சொன்னார். பள்ளிச் சீருடைக்கு நாம் செய்வதுதானே என்று ஒப்புக்கொண்டேன். எனக்கும் அவளுக்குமாகச் சேர்த்து 7,800 ரூபாய். பில் வேண்டாமென்றால் ஜிஎஸ்டி மிச்சம் என்றார். அதற்கும் சரி என்றேன்.

ஏரியில் காற்று மலையில் மோதித் திரும்பித் திசை மாறிக்கொண்டே இருந்தது. இருபது நிமிடத்தில் கவிழ்ந்தோம். விழுந்ததும் மூச்சு திக்கென்று நின்று, பிறகு கட்டுப்பாடில்லாமல் இழுத்தது. உடைக்குள் தண்ணீர் குபுகுபுவென்று புகுந்தது. அசையும்போதெல்லாம் பழைய தண்ணீர் வெளியேறிப் புதிய குளிர்நீர் உள்ளே வந்தது. படகை நிமிர்த்தி ஏறியதும் மகளால் கயிற்றைப் பிடிக்க முடியவில்லை, விரல்கள் மடங்கவே இல்லை. "அம்மா" என்று கூப்பிட்டபோது குரல் குழறியது. கரைக்கு வந்து ஈர உடையைக் கழற்றி, கம்பளியில் சுற்றி, சூடாக டீ கொடுத்தும் நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது. அந்த நேரத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து ஓரத் தையலைப் பிரித்துப் பார்த்தேன். நியோபிரீனே இல்லை. கடைகளில் ஸ்கூபா என்ற பெயரில் விற்கும் பாலியஸ்டர் துணி, கவுன் தைக்கிற துணி. தடிமனாக, வழவழப்பாக, இழுத்தால் நீளும், அதனால் கையில் தொட்டால் ஏமாந்துவிடுவோம். உண்மையான நியோபிரீனில் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர் நுரை இருக்கும். அந்த நுரைக்குள் அடைபட்டிருக்கும் வாயுக்குமிழிகள்தான் குளிரைத் தடுக்கின்றன. உடம்போடு ஒட்டி நிற்கும் கொஞ்சம் தண்ணீரை உடல் சூடேற்றிக்கொள்கிறது. அதனால்தான் வெட்சூட் தோலோடு இறுக்கமாக இருக்க வேண்டும். ஒரு சைஸ் பெரிது என்றால் நல்ல நியோபிரீன் கூடப் பயன்படாது.

கடையில் நிற்கும்போதே வெட்டு ஓரத்தைக் காட்டச் சொல்லுங்கள், நடுவில் நுரை தெரிய வேண்டும். ஒரு துண்டைத் தண்ணீரில் போடச் சொன்னால் நியோபிரீன் மிதக்கும், இந்தத் துணி ஊறிக் கனத்துவிடும். தையலையும் பாருங்கள்: துணியைக் குத்தி மறுபக்கம் வருகிற தையலில் ஊசித்துளை வழியே தண்ணீர் கசியும். குளிர்நீருக்கு ஒட்டித் தைத்த இணைப்புதான் வேண்டும். மேலே காற்று புகாத மெல்லிய ஜாக்கெட் ஒன்று, ஏனென்றால் ஈரமான உடைமேல் காற்று அடித்தால் அதுவே சூட்டை உறிஞ்சிவிடும். காலுக்கு நியோபிரீன் பூட்ஸ். உள்ளே பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம், அது நனைந்தால் உலராது. அன்று வெயில் நன்றாக அடித்தது. அதை நம்பி உடுத்தியதும் தப்பு, தண்ணீரின் குளிருக்குத்தான் உடுத்த வேண்டும்.

திரும்பக் கடைக்குப் போனபோது "பில் எங்கே?" என்றுதான் முதலில் கேட்டார். யுபிஐ ரசீதையும், "3 எம்.எம். நியோபிரீன்" என்று அவரே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் காட்டினேன். தண்ணீரில் போட்டதைத் திரும்ப வாங்க மாட்டோம் என்றார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். புகார் எண் வந்திருக்கிறது, பணம் வரவில்லை. பிரித்த அந்தத் துணி என்னிடம்தான் இருக்கிறது. டெல்லியில் யாராவது வாங்கப் போகிறீர்கள் என்றால் சொல்லுங்கள், எடுத்து வந்து தொட்டுப் பார்க்கத் தருகிறேன்.