நாகர்கோவில் கண்காட்சி: அணுக்கழிவைக் கண்ணாடியாக்கும் அரங்கு எப்படி?

நாகர்கோவிலில் ஒரு பள்ளி மைதானத்தில் நடக்கும் அறிவியல் கண்காட்சிக்கு என் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தேன். நான் வேதியியல் ஆசிரியை. அதனால் அணுக்கழிவைக் கண்ணாடியாக்கும் அரங்கில்தான் அதிக நேரம் நின்றேன்.

செய்முறை பிரமாதம். கம்பி வளையத்தில் வெங்காரத்தை (போராக்ஸ்) உருக்கி, அதில் கழிவுக்குப் பதிலாகத் துளி கோபால்ட் உப்பைத் தொட்டு, மறுபடி தீயில் காட்டினார்கள். பளிச்சென்று நீல மணி வந்தது. கடலை மிட்டாய்க்குள் கடலை மாதிரி கழிவு கண்ணாடிக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கழிவிலுள்ள சீசியம், ஸ்ட்ரான்சியம் போன்ற கதிரியக்கத் தனிமங்கள் ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸில் உருகிய கண்ணாடியில் கரைந்து அதன் அமைப்பிலேயே சேர்ந்துவிடுகின்றன. மணி முழுக்க ஒரே நீலமாக இருந்ததைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு அது சட்டென்று பிடிபட்டது.

ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார்கள். வெறும் வெங்கார மணியைத் தண்ணீரில் போட்டால் மெல்லக் கரையும். மணலில் இருக்கும் சிலிக்காவும் சேர்ந்தால்தான் தாங்கும். தாராப்பூர், டிராம்பே, கல்பாக்கம் அணுக்கழிவு ஆலைகளில் இரண்டும் சேர்ந்த போரோசிலிகேட் கண்ணாடி செய்வது அதற்காகத்தான். வெங்கார மணி ஒரு கிண்ணத்தில், போரோசிலிகேட் துண்டு ஒரு கிண்ணத்தில் என்று தண்ணீரில் போட்டு வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

முட்டத்திலிருந்து வந்த ஒரு அம்மா, “மோளே, கண்ணாடி கீழ விழுந்தா ஒடையாதா?” என்று கேட்டார்.

“ஒடையும் அம்மா. ஒடைஞ்சாலும் ஒழுகாது, துண்டு துண்டா கெடக்கும். தண்ணி படாம பாத்துக்கணும். அதுக்குத்தான் எஃகு உருளையில ஊத்தி, மூடி, வெல்டிங் பண்ணிடுறாங்க” என்றார் விளக்கிய பெண். எதையும் மறைக்காத பதில். எனக்கு மிகவும் பிடித்தது.

பலகைகளைத்தான் திருத்த வேண்டும். ‘கழிவு ஆபத்தற்றதாகிறது’ என்று ஒன்றில் எழுதியிருக்கிறார்கள். அது தப்பு. கண்ணாடியாக்கினால் கதிரியக்கம் குறையாது. சிதறாமல் ஓரிடத்தில் இருக்கும், அவ்வளவுதான். சீசியம்-137 பாதியாகக் குறையவே 30 ஆண்டு ஆகும். உருளைகள் சூட்டை வெளிவிட்டுக்கொண்டே இருப்பதால் பல பத்தாண்டுகள் காற்றோட்டத்தில் வைத்துக் குளிரவிட வேண்டும். அப்புறம்தான் ஆழ்நிலக் கிடங்கு. நம் நாட்டில் அது இன்னும் கட்டப்படவில்லை.

பக்கத்தில் கூடங்குளம் இருக்கும்போது நம் ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது, “அங்க எரிஞ்ச கம்பியையும் கண்ணாடியாக்கிடுவாங்களா?” என்பதுதான். எரிபொருள் கம்பியை அப்படியே கண்ணாடியாக்குவதில்லை. அதை மறுசுழற்சி ஆலையில் கரைத்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தபின் மிஞ்சும் திரவத்தைத்தான் கண்ணாடியாக்குகிறார்கள். இதற்கு ஒரு பலகைகூட இல்லாதது பெரிய குறை.

இருந்தாலும் பிள்ளைகளோடு தாராளமாகப் போகலாம். கூட்டம் சேருவதற்கு முன், காலையிலேயே போய்விடுங்கள். பலகையைப் படிப்பதைவிட அந்தப் பெண்ணிடம் கேள்வி கேளுங்கள், பொறுமையாகச் சொல்கிறார்.