16-ம் எண் ஜெர்சி: ஒரு சீசன் முழுக்கப் போட்டுப் பார்த்த பிறகு

முதலில் சட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், காசு கொடுத்தது அதற்குத்தான். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் லாங்ஹார்ன்ஸ் அணி ஜெர்சி, எண் 16, முதுகில் மேனிங் என்று பெயர், அதாவது ஆர்ச் மேனிங். நம் கால்பந்து இல்லை, கையால் எறிகிற அமெரிக்கக் கால்பந்து. 2025 ஜூலையில் ஆஸ்டினில் வாங்கினேன். பெயரோடு தயாராக வருவது என் அளவில் தீர்ந்துபோயிருந்ததால் எண் மட்டும் உள்ள சட்டையை ஓரிடத்தில் வாங்கி, இன்னொரு சின்னக் கடையில் எழுத்துகளைச் சூடு வைத்து ஒட்டச் சொன்னேன். இரண்டும் சேர்ந்து நூற்றைம்பது டாலருக்குக் கொஞ்சம் குறைவு. மகள் அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், கல்லூரிக்குக் கட்டுகிற பணத்தில் இது தூசு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஊருக்கு வீடியோ காலில் போட்டுக் காட்டி, இது குவார்ட்டர்பேக்குடைய சட்டை, அணியில் பந்தை எறிகிற முக்கிய ஆள் என்றேன். மைத்துனர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "குவார்ட்டரை பேக்கில் வைத்துக்கொண்டு ஓடுவாரா மச்சான்?" என்றார். அந்த வீட்டில் இந்த விளையாட்டைப் பற்றி நடந்த கடைசிப் பேச்சு அதுதான்.

துணி நன்றாக இருக்கிறது. ஆஸ்டின் வெயிலில் நாலு மணி நேரம் உட்கார்ந்தாலும் முதுகில் ஒட்டவில்லை, துவைத்தால் சீக்கிரம் காய்கிறது. நிறமும் சரியான நிறம். இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம், லாங்ஹார்ன்ஸ் ஆரஞ்சு சுட்ட செங்கல் பக்கம் சாய்ந்த ஒரு ஆரஞ்சு, மலிவுச் சட்டைகளில் அது பளீரென்று டென்னசி அணியின் நிறமாகிவிடும், அதைப் போட்டுக்கொண்டு ஸ்டேடியத்துக்குப் போனால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அளவுதான் கொஞ்சம் ஏமாற்றும். தோளில் தாராளம், வயிற்றில் கஞ்சத்தனம். நாற்காலி வேலை பார்க்கிறவர்கள் ஒரு அளவு பெரிதாகவே எடுங்கள்.

பிரச்சினை எழுத்துகளில்தான். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் சீசனையும் சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும்.

நான் வாங்கிய ஜூலையில் அந்தச் சட்டைக்கு இருந்த மரியாதையே வேறு. தாத்தா ஆர்ச்சி மேனிங், சித்தப்பாக்கள் பெய்டன், ஈலை, மூன்று பேருமே பெரிய குவார்ட்டர்பேக்குகள். பையன் இரண்டு வருடம், அப்போதைய முதல் குவார்ட்டர்பேக் க்வின் யூவர்ஸுக்குப் பின்னால் வேறு கல்லூரிக்கு ஓடாமல் பெஞ்சில் பொறுமையாக உட்கார்ந்திருந்தான், இந்தக் காலத்தில் அதுவே அதிசயம். ஆகஸ்டில் பத்திரிகையாளர்கள் வாக்களிக்கிற ஏபி தரவரிசை வந்தபோது டெக்சஸ் வரலாற்றிலேயே முதல்முறையாக சீசன் தொடங்குமுன் முதலிடத்தில் இருந்தது. மளிகைக் கடை வரிசையில் நின்றால் முன்பின் தெரியாதவர்கள் சுட்டுவிரலையும் சுண்டுவிரலையும் கொம்பு மாதிரி நீட்டிக் காட்டிவிட்டுப் போவார்கள். சட்டைக்கு அப்போது கேட்டிருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன்.

ஆகஸ்ட் 30, கொலம்பஸில் ஒஹாயோ ஸ்டேட்டோடு முதல் ஆட்டம். அவர்கள் நடப்பு சாம்பியன், அவர்கள் மைதானம். 14-7 என்று தோற்றோம். மேனிங் 30 எறிந்ததில் 17 பிடிப்பவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது, மொத்தம் 170 யார்டு. சுமார்தான், மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதிர்பார்ப்பை வானத்தில் ஏற்றிவிட்டவர்களுக்கு சுமார் என்றாலே ஏமாற்றம். அந்த வாரமே பந்தை விடும்போது கை ஏன் பக்கவாட்டில் போகிறது என்று ஆராய்ச்சி தொடங்கியது, அப்புறம் எறியும்போது முகம் சுளித்த ஒரு துண்டு வீடியோ சுற்றியது, தோள் போச்சு என்று போனில் உட்கார்ந்தபடி வைத்தியம் பார்த்தார்கள். ஐந்து பேர் கொண்ட முன்வரிசைக் காவலில் போன வருடம் ஆடிய நாலு பேர் போய்விட்டார்கள், பந்தைப் பிடித்த முக்கியமானவர்களும் போய்விட்டார்கள் என்பதை யாரும் பேசவில்லை. எறிபவனுக்குக் கிடைப்பதே இரண்டரை, மூன்று நொடி. முன்னால் நிற்கிற சுவரில் ஓட்டை விழுந்தால் அந்த மூன்று நொடியும் இல்லை. சுவரின் பெயரைப் போட்ட சட்டை யாரும் வாங்குவதில்லை, அதனால் திட்டும் அவர்களுக்குப் போவதில்லை.

செப்டம்பர் 13, எல் பாசோவிலிருந்து வந்த யூடெப் அணியோடு ஆட்டம். மகளும் நானும் போனோம். ஒரு லட்சம் பேர் உட்காரும் இடம், நாங்கள் மேலே, அலுமினிய பெஞ்சு, உட்கார்ந்தால் தோசைக்கல். சிறிய அணிதான், ஊதித் தள்ளிவிடுவோம் என்று எல்லோரும் வந்திருந்தார்கள். பந்து ஒன்று பிடிப்பவருக்கு முன்னால் தரையில் விழுந்தது, அடுத்தது தலைக்கு மேலே போனது, அதற்கடுத்தது எதிரி கையில். முதல் பாதியிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். இங்கே வெறுப்பைக் காட்ட "பூ" என்று நீட்டிக் கத்துவார்கள். நம் காதுக்கு அது மாலை கட்டுகிற பூவாகத்தான் விழும், ஆனால் ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து இழுக்கும்போது ஊளை மாதிரி வயிற்றைப் பிசைகிறது. சொந்த மைதானம், சொந்த மாணவன், அதுவும் கடைசியில் 27-10 என்று ஜெயித்த ஆட்டம். 25 எறிந்து 11 சேர்ந்தது, 114 யார்டு. இரண்டு டச்டவுன், அதாவது பந்தோடு எதிரியின் எல்லைக்கோட்டைத் தாண்டுவது, அவனே ஓடி எடுத்தான், அதை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

அப்போதுதான் பின்வரிசையில் இருந்தவர் என் தோளைத் தட்டினார். "உங்கள் ஆள் உரிந்து விழுகிறார்" என்றார். கையைப் பின்னால் விட்டுத் தடவிப் பார்த்தால் மேனிங்கின் கடைசி எழுத்து ஜி, பாதி தூக்கிக்கொண்டு காற்றில் ஆடுகிறது. சுற்றி இருந்த பத்துப் பேர் சிரித்தார்கள். மகள் தன் தலையில் இருந்த கிளிப்பை எடுத்து அந்த எழுத்தை சட்டையோடு சேர்த்துக் குத்தி, "அப்பா, ஆடாமல் உட்காருங்கள்" என்றாள். மீதி ஆட்டத்தை அப்படித்தான் பார்த்தேன், முதுகில் வண்ணத்துப்பூச்சி கிளிப்போடு.

தட்டியவர் கெட்டவர் இல்லை. பேச்சு கொடுத்தபோது தெரிந்தது, போனில் ஏதோ ஆப்பில் இன்றைக்கு மேனிங் இத்தனை யார்டு எறிவார் என்று பணம் கட்டியிருக்கிறார். டெக்சஸில் விளையாட்டுப் பந்தயம் இன்னும் சட்டப்படி வரவில்லை, ஆனாலும் இப்படிச் சுற்றுவழி ஆப்புகள் நிறைய. எனக்கு அந்த ஊளையில் பாதி அங்கிருந்துதான் வருகிறது என்று படுகிறது. அணி ஜெயிக்கிறது, ரசிகனின் பணம் தோற்கிறது, கோபம் 21 வயதுப் பையன் மேல் விழுகிறது. தனி ஒரு கல்லூரி வீரர் எத்தனை யார்டு எடுப்பார் என்கிற வகைப் பந்தயத்தையே தடை செய்யுங்கள் என்று கல்லூரி விளையாட்டுகளை நடத்துகிற என்சிஏஏ அமைப்பின் தலைவர் சார்லி பேக்கர் 2024 மார்ச்சில் மாநிலங்களைக் கேட்டதற்கு, வீரர்களுக்குக் கொடுக்கப்படுகிற தொல்லையும் ஒரு காரணம்.

"காசு வாங்குகிறான் இல்லையா, வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும்" என்றும் அவர் சொன்னார். இதற்கு பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது, ஏனென்றால் பொய் இல்லை. 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம், மேனிங்கின் மதிப்பு பல மில்லியன் என்று பத்திரிகைகள் எழுதின. சரி, மோசமாக எறிந்தால் மோசமாக எறிந்தாய் என்று சொல்லலாம், நானும் சொல்வேன், அன்றைக்கு இரண்டாவது கால்பகுதியில் நான் வாய்விட்டு முனகினதை மகள் கேட்டாள். ஆனால் பையனின் சமூக ஊடகக் கணக்குக்குப் போய் நேரே அவனுக்கே எழுதுவது, அம்மாவை இழுப்பது, இதெல்லாம் காசு கொடுத்தாலும் டிக்கெட்டோடு வருகிற உரிமை இல்லை. 1999-ல் சேப்பாக்கத்தில் 12 ரன்னில் இந்தியா தோற்ற டெஸ்டில், மைதானத்தைச் சுற்றி ஓடிய பாகிஸ்தான் அணிக்கு எழுந்து நின்று கைதட்டிய கூட்டத்தின் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். எதிரிக்கே எழுந்து நின்றார்கள். இங்கே சொந்தப் பிள்ளைக்கு உட்கார்ந்தபடியே ஊளை.

மறுநாள் எழுத்து ஒட்டிய கடைக்குப் போனேன். கடைப்பெயர் வேண்டாம், ஆள் நல்ல மாதிரி, வேலைதான் அரைகுறை. டிரையரில் போட்டீர்களா என்றார். போட்டேன். சூட்டில் பசை இளகிவிடும், உள்பக்கம் வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணீரில் துவைத்து நிழலில் காயப்போட வேண்டும் என்றார். இதை ஜூலையில் சொல்லியிருக்கலாமே என்றேன், சிரித்தார். பணம் திரும்பக் கிடையாது. வேண்டுமானால் பெயரை மொத்தமாக உரித்துவிட்டு வெறும் 16-ஓடு விட்டுத்தரவா, இந்த வாரம் மட்டும் இரண்டு பேர் அப்படிக் கேட்டார்கள் என்றார்.

எனக்கு அது சுருக்கென்றது. 2021-க்கு முன்பு கல்லூரி ஜெர்சிகளில் வீரர் பெயரைப் போட்டு விற்க முடியாது, எண் மட்டும்தான். யாருடைய எண் என்று எல்லோருக்கும் தெரியும், காசு மட்டும் அந்தப் பையனுக்குப் போகாது. 2013-ல் ஜே பிலஸ் என்ற கூடைப்பந்து வர்ணனையாளர் என்சிஏஏ நடத்திய இணையக் கடையில் மேன்சியல் என்று தேடினார், அது டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் அப்போதைய குவார்ட்டர்பேக் பெயர், பெயரே இல்லாத அவருடைய 2-ம் எண் சட்டை கச்சிதமாக வந்து நின்றது. படம் எடுத்துப் போட்டார், சில நாளில் அந்தச் சட்டைகளை விற்பதையே நிறுத்திவிட்டார்கள். அப்படிப் போராடி முதுகில் ஏறிய பெயரை இரண்டு ஆட்டம் சரியில்லை என்று உரிப்பதா? ஜி-யை மட்டும் புதிதாக ஒட்டுங்கள் என்றேன். எட்டு டாலர் வாங்கினார், அதுவும் சும்மா செய்திருக்க வேண்டியது. நிறம் மற்ற எழுத்துகளை விட ஒரு பிடி வெள்ளை.

ஊளை பலன் தராது என்று நான் சொல்லவில்லை. 2021-ல் ஓக்லஹோமா ரசிகர்கள், தங்கள் குவார்ட்டர்பேக் ஸ்பென்சர் ராட்லர் ஆடிக்கொண்டிருக்கும்போதே, பெஞ்சில் இருந்த காலேப் வேண்டும் என்று கோஷம் போட்டார்கள். இரண்டு வாரம் கழித்து டாலஸ் காட்டன் பவுலில் நம்மோடு ஆட்டம், ஒரு கட்டத்தில் 28-7 என்று நாம் முன்னால், ராட்லரை உட்கார வைத்துவிட்டு காலேப் வில்லியம்ஸை இறக்கினார்கள், 55-48 என்று நம்மை வாரிச் சுருட்டிக்கொண்டு போனார்கள். கோஷம் போட்டவர்கள் அன்றைக்கு ஜெயித்தார்கள்தான். ராட்லர் சவுத் கரோலினாவுக்கு மாறி, அடுத்த வருடம் டென்னசிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 438 யார்டு, ஆறு டச்டவுன் எறிந்தான். கை அதே கைதான்.

அக்டோபரில் ஃப்ளோரிடாவில் தோற்றோம், அந்த வாரம் சட்டையைப் போட்டுக்கொண்டு அலுவலகம் போனது நான் செய்ததிலேயே துணிச்சலான காரியம். அடுத்த வாரம் ஓக்லஹோமாவை 23-6 என்று அடித்தோம். ஜார்ஜியாவில் மறுபடி உதை. ஆர்கன்சாவோடு பையன் எறிந்தும் ஓடியும், போதாக்குறைக்குப் பந்தைப் பிடித்தும் டச்டவுன் எடுத்தான், ஊளையிட்ட வாய்களே மேனிங் மேனிங் என்றன. அதுவரை இருபது தடவையாவது துவைத்திருப்பேன், எல்லாம் பச்சைத் தண்ணீர், நிழல். எழுத்து அசையவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

நவம்பர் 28, ஏ அண்ட் எம். அதுவரை ஒரு ஆட்டமும் தோற்காமல் வந்தவர்கள். நாலாவது கால்பகுதியில் மேனிங் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு 35 யார்டு ஓடி உள்ளே போனான். ஓடத் தொடங்கிய நொடியிலிருந்து மகள் என் முதுகில் மத்தளம் வாசித்தாள், 27-17 என்று முடியும்வரை நிறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி விளக்கில் பார்த்தேன். வெள்ளை ஜி அப்படியே கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. முதல் எழுத்து எம்-மின் ஓரம் தூக்கியிருக்கிறது, அவள் தட்டிய இடம். துணிக்கு நாலரை, எழுத்து வேலைக்கு இரண்டு. எட்டு டாலர் கேட்டால் இந்தத் தடவை சண்டை போடுவதாக இருக்கிறேன்.