கொழிஞ்சாம்பாறை குழந்தைகள் கிளினிக்: இமை வீக்கத்துக்காகச் சென்ற அனுபவம்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில், தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் கடைத்தெருவில் இருக்கும் ஒரு சிறிய குழந்தைகள் கிளினிக்கைப் பற்றிய மதிப்புரை இது. நான்கு மாதப் பேத்தியின் இடது மேல் இமை நீலம் பாய்ந்து உப்பியிருந்தது. காய்ச்சல் இல்லை, பீளையும் இல்லை. மருந்துக் கடையில் பூச்சிக்கடி என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள்.

டாக்டரம்மா முதலில் கேட்டது அந்தக் குப்பியைத்தான். அது வெறும் ஆன்டிபயாடிக் என்று தெரிந்ததும், நல்லவேளை என்றார். காரணம் புரியாத வீக்கத்துக்கு ஸ்டீராய்டு சிரப் கொடுத்தால், இரத்தப் புற்றுநோய் இருக்கும் பட்சத்தில் அதன் அணுக்கள் சிறிது காலம் ஒடுங்கி, நோயைக் கண்டறிவதே சிக்கலாகிவிடும் என்று விளக்கினார். பிறகு குழந்தையின் உடுப்பு முழுவதையும் கழற்றச் சொன்னார். கண்ணுக்கு வந்தவரிடம் வயிற்றை எதற்கு அமுக்குகிறார் என்று என் மருமகன் முணுமுணுத்தார். கல்லீரலும் மண்ணீரலும் பெருத்திருக்கின்றனவா, தொடையில் ஊதாப் புள்ளிகள் உண்டா, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்றெல்லாம் பார்த்த பின்புதான் அவர் கண் பக்கம் வந்தார்.

பச்சிளம் குழந்தைகளுக்கு இரத்தப் புற்றுநோய் வருவது மிக அரிது. இமை வீக்கத்துக்குப் பெரும்பாலும் கண்கட்டி, ஒவ்வாமை, கண்ணீர்க் குழாய் அடைப்பு போன்றவையே காரணம். ஆனால் இரத்தப் புற்றுநோயில் ஒரு வகையான மைலாய்டு வகையில், நோயுற்ற அணுக்கள் கண்குழியில் திரண்டு கட்டியாகி, கண்ணை முன்னே தள்ளக்கூடும். சிவப்போ காய்ச்சலோ இல்லாமல் இமை உப்புவதும் உண்டு. சில குழந்தைகளிடம் இரத்தத்தில் மாற்றம் தெரிவதற்கு முன்பே இக்கட்டி தோன்றிவிடுவதால், இரத்த அணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அத்துடன் நின்றுவிட முடியாது என்று சொல்லி, கண்ணாடித் தகட்டில் இரத்தப் பூச்சு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் செய்ததோடு, ஸ்கேனுக்குக் கோயம்புத்தூருக்கும் எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேனில் தெரிந்தது இரத்தநாளக் கட்டி. புற்று அல்ல, நாளடைவில் தானே சுருங்கக்கூடியது. என்றாலும் இமையில் இருப்பதால் பார்வையை மறைத்து அந்தக் கண்ணைச் சோம்பலாக்கிவிடும் என்பதற்காக, மருத்துவக் கண்காணிப்பில், கட்டியைச் சுருக்கும் புரோப்ரனலால் என்ற மருந்தைத் தொடங்கினார்கள். சர்க்கரை இறங்கிவிடும் ஆபத்து இருப்பதால் வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது, குழந்தை பால் குடிக்காத நாளில் நிறுத்திவிட்டு அழைக்க வேண்டும் என்பதை டாக்டரம்மா என் மகளிடம் இருமுறை திருப்பிச் சொல்ல வைத்தார். கட்டணத்தைவிட இதற்குத்தான் மதிப்பு என்பேன்.

குறைகளும் உண்டு. டோக்கன் முறை பெயருக்குத்தான். மாலையில் நெரிசல் தாங்காது, கைக்குழந்தையோடு நிற்க நிழலும் இல்லை. பரிசோதனை அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதால், அதை வாங்கியதும் உள்ளே சென்று விளக்கம் கேட்டுக்கொள்வதே நல்லது. வீக்கம் எப்போது தொடங்கியது என்று அவர் தோண்டித் துருவிக் கேட்பார் என்பதால், குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் இருக்கும் கைபேசியை மறக்காமல் கொண்டு செல்லுங்கள்.