இன்சூரன்ஸில் ‘மனநலமும் கவர் ஆகும்’ என்றால், எத்தனை செஷன் என்று கேளுங்கள்

போன வருடம் ஏற்காடு மலைப்பாதையில் பைக் சறுக்கி விழுந்தேன். காயம் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. வீடு சேலம் அஸ்தம்பட்டியில், வேலை மலை மேல். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவிலேயே உள்ளங்கை வியர்த்து ஹேண்டில் வழுக்கும்.

ஃபேர்லேண்ட்ஸில் ஒரு சைக்காலஜிஸ்ட்டைப் பார்த்தேன். செஷனுக்கு 1,200 ரூபாய். ஒரு வாரம் இரண்டாவது வளைவு வரை போய்த் திரும்பு, அடுத்த வாரம் நான்காவது வரை போ என்று படிப்படியாகப் பழக்கினார். ஆறு செஷனில் ஒன்பதாவது வளைவுக்கு வந்துவிட்டேன்.

பணத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. அட்மிட் ஆகாமல் பார்க்கும் ஓபி செலவுக்கென்று, ஹெல்த் இன்சூரன்ஸ் பாலிசியோடு தனியாக ரைடர் (கூடுதல் கவர்) போட்டிருந்தேன். “மனநலமும் கவர் ஆகுதுங்கண்ணா” என்று ஏஜென்ட் நோட்டீஸில் அந்த வரியைப் பேனாவால் வட்டம் போட்டே காட்டியிருந்தார்.

7,200 ரூபாய்க்கு பில் அனுப்பினேன். ஒரு ரூபாய் வரவில்லை. வருடத்துக்கு நான்கு செஷன்தானாம். அதுவும் அவர்கள் ஆப்பில், அவர்கள் தரும் கவுன்சிலரோடு வீடியோ காலில். பாலிசி புத்தகத்தில் தேடினேன். ஒரு அட்டவணைக்குக் கீழே எறும்பு எழுத்தில் இருந்தது. சரி, அதையாவது பயன்படுத்துவோம் என்று போனால் இரண்டு முறையும் வேறு வேறு ஆள். விழுந்த கதையை முதலிலிருந்து சொல்லி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும்.

ஏஜென்ட்டைக் கேட்டால் சட்டம் பேசினார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல் நோய்க்குப் போலவே மனநோய்க்கும் காப்பீடு வேண்டும் என்கிறது; உண்மைதான். ஆனால் சாதாரண பாலிசி காய்ச்சலுக்கே அட்மிட் ஆனால்தான் பணம் தரும். செஷனுக்கு யார் அட்மிட் ஆவார்கள்? ஆக, ரைடரில் கம்பெனி வைத்ததுதான் கணக்கு.

எத்தனை செஷன், நேரில் போகலாமா, டாக்டர் சீட்டு வேண்டுமா என்பதையெல்லாம் மெயிலில் கேட்டுப் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தை செல்லாது. கம்பெனிக்குப் புகார் எழுதியிருக்கிறேன். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் சென்னை ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. புத்தகத்தில் அச்சாகியிருப்பதால் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அவசரத்துக்குப் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416 இருக்கிறது. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

நான் இப்போது சேலம் ஜிஎச் மனநலப் பிரிவில் ஓபி சீட்டு போட்டுப் பார்க்கிறேன். பதினொன்றாவது வளைவு வரை ஏறியாகிவிட்டது.