சானாவா, வெந்நீர்த் தொட்டியா?

சூடான காற்று நிரம்பிய மர அறையான பின்லாந்து சானாவில் 80 முதல் 100 டிகிரி, ஜப்பானியர்களின் ஒஃபுரோ என்ற வெந்நீர்த் தொட்டியில் 40 சொச்சம்தான். எண்ணை மட்டும் பார்த்து சானாதான் கடுமை என்று முடிவுகட்ட வேண்டாம். காய்ந்த காற்று சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், வியர்வையும் ஆவியாகி உடம்பைக் கொஞ்சம் காப்பாற்றும். கழுத்தளவு வெந்நீரில் வியர்வை ஆவியாக வழியே இல்லை, அதனால் 42 டிகிரியிலேயே முகம் சிவந்து நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிடும்.

இதயத்துக்கு எது நல்லது என்று கேட்டால் சானாவுக்குத்தான் பேர் அதிகம். கிழக்கு பின்லாந்தில் 2,315 நடுவயது ஆண்களைச் சுமார் 20 வருடம் கவனித்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 4 முதல் 7 முறை சானா போனவர்களுக்கு, ஒரே முறை போனவர்களைவிட திடீர் இதய மரணம் 63 சதவீதம் குறைவு. ஜப்பானில் சுமார் 30,000 பேரை வைத்துச் செய்து 2020-ல் வந்த ஆய்வில், தினமும் தொட்டியில் குளிப்பவர்களுக்கு, வாரம் இரண்டு தடவைக்கு மேல் குளிக்காதவர்களைவிட இதய, ரத்தக்குழாய் நோய் 28 சதவீதம் குறைவு. ஒன்று மரணக் கணக்கு, இன்னொன்று நோய்க் கணக்கு, இரண்டையும் மோதவிட முடியாது. அப்புறம், தினமும் சானாவில் உட்கார முடிகிறவர் ஏற்கெனவே திடமானவராகவும் இருக்கலாமே?

தூக்கத்துக்கு என் ஓட்டு வெந்நீருக்குத்தான். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் 40 முதல் 42.5 டிகிரி தண்ணீரில் குளித்தால் தோலுக்கு ரத்தம் பாய்ந்து உள்சூடு இறங்கும், தூக்கம் சராசரியாகப் பத்து நிமிடம் முன்னதாக வரும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். இதற்குத் தொட்டிகூட வேண்டாம், ஷவர் போதும்.

வியர்வையில் விஷமெல்லாம் வெளியேறும் என்பது சும்மா கதை, அது கல்லீரலும் சிறுநீரகமும் பார்க்கிற வேலை. சானா முடிந்து குறைகிற எடையும் வெறும் தண்ணீர்தான்.

ஆபத்தில் தொட்டி மோசம். ஜப்பானில் குளிர்காலத்தில் சில்லென்ற அறையில் உடை களைந்து சுடுதண்ணீரில் இறங்கும் முதியவர்கள், ரத்த அழுத்தம் சட்டென்று ஏறி இறங்கி, மயங்கி, தொட்டியிலேயே மூழ்கிப் போவது அங்கே தொடர்கதை. 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், பத்து நிமிடத்தில் எழுந்துவிடுங்கள் என்று அரசே சொல்கிறது. அதனால் வயதான அப்பா அம்மாவைத் தனியாகத் தொட்டியில் விடாதீர்கள். சானாவில் மூழ்குகிற பயம் இல்லை, ஆனால் குடித்துவிட்டு உள்ளே போகவே கூடாது. குழந்தைக்கு முயற்சி செய்கிற ஆண்கள் கொஞ்ச மாதம் இரண்டையுமே தள்ளிவைக்கலாம், சூடு விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும்.