என்விவோவா, குவால்கோடரா, வெறும் எக்செல்லா? தமிழ்ப் பேட்டிகளோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு

புதுச்சேரியின் காலாப்பட்டுப் பல்கலைக்கழகப் பக்கமாகட்டும், கடலூர்க் கல்லூரிப் பக்கமாகட்டும், பேட்டிகளை வைத்து ஆய்வு செய்பவர்கள் களப்பணி முடிந்ததும் கேட்கும் முதல் கேள்வி, “அண்ணா, என்விவோ எங்க கிடைக்கும்?” காசு கொடுக்காமல் என்பது கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பேட்டிகளை வரிவரியாகப் படித்துப் பெயரிட்டு அலச உதவும் என்விவோ நல்ல மென்பொருள்தான். ஆனால் பேட்டி தமிழில் இருந்தால், கட்டுகிற சந்தாவில் பெரும்பகுதி உங்களுக்கு உதவாத வசதிகளுக்கே போகும். மற்றவற்றோடு வைத்துப் பார்த்தால்தான் இது விளங்கும்.

ஒரே உதாரணத்தை எல்லாவற்றிலும் போட்டுப் பார்ப்போம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிவிடும். கடலூர்ப் பக்கத்துத் தேவனாம்பட்டினத்தில் தமிழக அரசு, புதுச்சேரிப் பக்கத்து வீராம்பட்டினத்தில் வேறோர் அரசு, கடல் ஒன்றுதான். இந்த நாட்களில் குடும்பங்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்பது ஆய்வு. கடலூர் முதுநகரில் மீன் விற்கும் அம்மா ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “நெவாரணம் வர்றதுக்குள்ள வட்டி ஏறிடுது தம்பி. போன வருசம் வளையல், இந்த வருசம் கம்மல்.”

இரண்டே வரி. ஆனால் நிவாரணத் தாமதம், கந்துவட்டி, நகை அடகு, குடும்பக் கடனைப் பெண் சுமப்பது என்று நான்கு குறியீடுகள், அதாவது வரி எதைப் பற்றியது என்று ஒட்டும் பெயர்கள், இதன்மேல் விழுகின்றன. நான்கும் ஒரே அளவுக்கு விழவில்லை என்பதைக் கவனியுங்கள். முதல் இரண்டும் முன்வரியில், அடகு பின்வரியில், நான்காவது இரண்டையும் சேர்த்து. ஒன்றின்மேல் ஒன்று படியும் இந்தக் குறியிடலை எந்தக் கருவி எப்படிக் கையாள்கிறது என்பதுதான் முதல் சோதனை.

எக்செல் இதில் தடுமாறும். ஒரு கூற்றுக்கு ஒரு வரிசை, குறியீட்டுக்கு ஒரு நெடுவரிசை என்று போட்டால், நான்கு குறியீடு உள்ள வரிக்கு நான்கு நெடுவரிசை வேண்டும். இல்லையென்றால் அதே வரியை நான்கு முறை நகலெடுக்க வேண்டும். கூற்றை வெட்டி ஒட்டியதும், அந்த அம்மா அதற்கு முன்னால் என்ன சொன்னார் என்பது கண்ணில் படாது. ஆனாலும் எக்செல்லை மட்டம் தட்ட மாட்டேன். பத்துப் பன்னிரண்டு பேட்டி, கேள்விகள் முன்கூட்டியே முடிவானவை, ஆய்வாளர் ஒருவர் என்றால் அதுவே போதும். ஊர், படகு வகை, ஆணா பெண்ணா என்று வடிகட்டிப் பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்த வேலை. நெறியாளரும் திறந்து பார்ப்பார், அது சின்ன விஷயமில்லை.

அடுத்தது டேகெட். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரெமி ராம்பின், விக்கி ராம்பின் உருவாக்கிய இலவச, திறமூல (நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள். பிரவுசரில் திறக்கும், உங்கள் கணினியிலேயே ஓட்டலாம், சர்வரில் வைத்துப் பலர் ஒரே நேரத்தில் வேலை பார்க்கலாம். வரியைத் தேர்ந்தெடு, பெயர் ஒட்டு, அவ்வளவுதான். மேல் சொன்ன நான்கு குறியீடுகளும் அழகாக ஒன்றின்மேல் ஒன்று நிற்கும். ஒலி, படம் கிடையாது. ஏற்றிய ஆவணத்தை அப்புறம் திருத்த முடியாது என்பதால் எழுத்துப் பிழையை முன்பே பார்த்துவிட வேண்டும். பெரிய குறை, பேட்டி தந்தவரின் ஊர், வயது, தொழில் போன்ற விவரங்களைப் பதிந்து அதன்படி பிரித்துப் பார்க்க வழியில்லாதது. கடலூர்ப் பெண்கள் கடனைப் பற்றிச் சொன்னதையும் புதுச்சேரிப் பெண்கள் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும் என்றால், எக்செல்லுக்கு ஏற்றுமதி செய்து அங்கேதான் பார்க்க வேண்டும்.

அந்த இடத்தில்தான் குவால்கோடர் வருகிறது. டாஸ்மேனியாவைச் சேர்ந்த கோலின் கர்டின் பைத்தான் நிரல்மொழியில் எழுதியது. இதுவும் இலவசம், திறமூலம். எழுத்து, பிடிஎஃப், படம், ஒலி, காணொளி எல்லாவற்றையும் குறியிடலாம். ஒலியைக் கேட்டுக்கொண்டே நேரக்குறிப்போடு தட்டச்சு செய்யலாம். ஊர், படகு வகை போன்ற விவரங்களைப் பதிந்து ‘வீராம்பட்டினம், பெண், கடன்’ என்று கேட்டால் அந்தக் கூற்றுகள் மட்டும் வரும். இருவர் தனித்தனியே குறியிட்டால் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கோஹன் கப்பா அளவையும் தருகிறது. தரவு உங்கள் கணினியிலேயே இருக்கும்.

முகம்தான் சுமார். பட்டன்கள் சின்னச் சின்னதாக, எது எங்கே இருக்கிறது என்று பிடிபட ஒரு வாரம் ஆகும். இதை நிறுவும்போது விண்டோஸ் ‘தெரியாத வெளியீட்டாளர்’ என்று பயமுறுத்தலாம். குழுவாக ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் வேலை செய்ய இது ஏற்றதல்ல. இவ்வளவும் தெரிந்தே சொல்கிறேன், தனி ஆளாகத் தமிழ்ப் பேட்டிகளோடு உட்காரும் பிஎச்.டி. மாணவருக்கு என் வாக்கு இதற்குத்தான்.

இனி பெரியவர்கள், காசு கொடுத்து வாங்கும் மூன்று மென்பொருள்கள். 1981-இல் மெல்போர்னின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் டாம் ரிச்சர்ட்ஸ், லின் ரிச்சர்ட்ஸ் தொடங்கிய மென்பொருளின் வாரிசுதான் 1999-இல் வந்த என்விவோ. அட்லஸ்.டிஐ பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் மூர் இருந்த திட்டத்தில் பிறந்தது. இன்று இரண்டுமே லுமிவேரோ என்ற ஒரே நிறுவனத்தின் கையில், 2024 முதல். மேக்ஸ்க்யூடிஏ ஜெர்மனியின் உடோ குக்கார்ட்ஸ் தொடங்கியது. மூன்றிலும் அடிப்படை வேலை பிரமாதம். குறியீடுகளை வலைப்பின்னலாக வரைந்து யோசிப்பவர்களுக்கு அட்லஸ். விவரங்களையும் குறியீடுகளையும் குறுக்கும் நெடுக்குமாக அட்டவணை போட்டுப் பார்ப்பவர்களுக்கு என்விவோ. எண்ணும் எழுத்தும் கலந்த ஆய்வுக்கு மேக்ஸ்க்யூடிஏ. உங்கள் குழுவில் ஒருவர் மேக், மற்றவர் விண்டோஸ் என்றால் மேக்ஸ்க்யூடிஏ கோப்பு இரண்டிலும் அப்படியே திறக்கும்.

சரி, தமிழில் எங்கே இடிக்கிறது? தேடலில். ஆங்கிலப் பேட்டியில் ஒரு சொல்லைக் கொடுத்தால் அதன் எல்லா வடிவங்களையும் என்விவோ தானே சேர்த்துக்கொள்ளும். அதற்குத் தெரிந்த சில மொழிகளுக்கு மட்டும் இந்த வசதி. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. ‘கடல்’ என்று தேடினால் ‘கடலில்’, ‘கடலுக்கு’ வராது, ஏனென்றால் புள்ளி வைத்த ‘ல்’ அவற்றில் இல்லை. புள்ளியை எடுத்துவிட்டு ‘கடல*’ என்று கொடுத்தால் (* என்றால் அதன்பின் எது வந்தாலும் சரி) எல்லாம் வரும். கூடவே ‘கடலூர்’ வரும், ‘கடலை’யும் வரும். அந்தக் ‘கடலை’ அலையடிக்கும் கடலா, பேருந்து நிலையத்தில் பொட்டலம் போட்டு விற்பதா என்று படித்துத்தான் பிரிக்க வேண்டும். அதிகம் வரும் சொற்களைப் படமாகப் போடும் வசதியும் இதே கதைதான். ‘கடன்’, ‘கடனை’, ‘கடனுக்கு’, ‘கடன்ல’ நான்கு தனிச் சொற்களாகச் சிதறி, ஊரே பேசும் விஷயம் படத்தில் ஓரமாக நிற்கும். கருத்தரங்கில் அந்தப் படத்தைக் காட்டி முடிவு சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

எழுத்துருவும் ஒரு தலைவலி. பாமினியில் தட்டச்சு செய்த பழைய பேட்டிகளை எந்த மென்பொருளில் போட்டாலும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். பிடிஎஃபாக ஏற்றினால் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பல நேரம் உடைந்து போகும். ‘கொ’ போன்ற எழுத்துகளை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும் என்பதால், இருவர் தட்டச்சு செய்த ‘கொண்டல்’ கண்ணுக்கு ஒன்றாகவும் தேடலுக்கு வேறாகவும் இருக்கலாம். இலவசமோ விலையோ, இதில் வித்தியாசமில்லை.

2023-இல் அட்லஸ்.டிஐ, ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைக் கொண்டு தானே குறியிடும் வசதியைக் கொண்டுவந்தது. மேக்ஸ்க்யூடிஏவும் அதே ஆண்டில் செயற்கை நுண்ணறிவு உதவியைச் சேர்த்தது. இதற்காகவே வாங்கலாமா என்று கேட்கிறார்கள். இந்த வசதியை அழுத்தினால் பேட்டி உங்கள் கணினியை விட்டு வெளியே போகும். மீன் கூட்டத்தையே வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலை பற்றிய தகராறில் எந்த ஊர்க்காரர் யாரைப் பற்றி என்ன சொன்னார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஒப்புதல் படிவத்தில் அதற்கு அனுமதி வாங்கினீர்களா? வாங்கவில்லை என்றால் பேச்சே இல்லை. வாங்கியிருந்தாலும், ‘வளையல், கம்மல்’ வரியைப் பார்த்து ‘ஆபரணங்கள்’ என்று குறி வைக்க வாய்ப்பிருக்கிறது என்பதால் ஒவ்வொன்றையும் நீங்களேதான் சரிபார்க்க வேண்டும்.

ஆக, பல்கலைக்கழகம் உரிமம் வாங்கி வைத்திருந்தால், மூன்று நான்கு பேர் கொண்ட திட்டம் என்றால், என்விவோவையோ மேக்ஸ்க்யூடிஏவையோ தாராளமாகப் பயன்படுத்துங்கள். நூலகத்தில் முதலில் கேட்டுப் பாருங்கள்; பலர் கேட்பதே இல்லை. சொந்தக் காசு என்றால் குவால்கோடர். இரண்டு மூன்று பேர் சேர்ந்து எழுத்துப் பேட்டிகளை மட்டும் பார்ப்பது என்றால் டேகெட். உரிமத்தை உடைத்த ‘கிராக்’ பதிப்பு வேண்டாம். வைரஸ் ஒரு பக்கம் இருக்கட்டும், ஆய்வேட்டில் எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுத வேண்டியிருக்கும்.

எதை எடுத்தாலும் வெளியேறும் வழியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுச் சந்தா முடிந்த பிறகுதான் வாய்மொழித் தேர்வு வரும், அப்போது கோப்பு திறக்காது. மேக்ஸ்க்யூடிஏவுக்கு இலவச ரீடர் உண்டு. மற்றபடி, ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் திட்டத்தை மாற்ற ரெஃபி-க்யூடிஏ என்ற பொது வடிவம் இருக்கிறது. பெரியவை மூன்றும் குவால்கோடரும் அதை ஏற்கும். சந்தா முடிவதற்கு முன்பே ஒரு நகலை அந்த வடிவத்தில் எடுத்து, குவால்கோடரில் ஏற்றித் தமிழ் எழுத்தும் குறியீடும் அதே வரியில் நிற்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.